ஒரே பாட்டுக்கு ஏழு இசைத்தட்டு

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான் சுகம். உன் வீட்டில் அனைவரும் சுகமா?

ஜனவரிக் கடைசியில் நீ அனுப்பிய பெட்டியை ஒருவழியாக முழுதும் கேட்டு முடித்தேன். ஐந்து தட்டு, பத்துப் பக்கம், எழுபத்தொரு பாட்டு. நம் ‘ஆறு பேர் பாட்டு’ மூன்றாவது தட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. இத்தோடு அந்த ஒரு பாட்டு மட்டும் என்னிடம் ஏழு தட்டில் சேர்ந்துவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆறு வாத்தியக்காரர்கள் ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கூடி, மூன்று நிமிடம் ஸ்விங் ஜாஸ் வாசித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஆளாளுக்கு அதை மறுவெளியீடு செய்துகொண்டே இருக்கிறார்கள், நாமும் வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

முதலில் வாங்கியதில் ஒரே இரைச்சல். அடுத்தவர் இரைச்சலைத் துடைக்கிறேன் பேர்வழி என்று டிரம்ஸ்காரரையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். பச்சை அட்டைப் பதிப்பில் வேகம் கூடிப்போய், சாக்ஸபோன்காரர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி வாசிக்கிறார். இந்தப் பெட்டியில் வேகம் கச்சிதம். அதோடு நீ தவம் கிடந்த முதல் டேக்கும் இருக்கிறது. இதுவரை வந்ததெல்லாம் இரண்டாம் டேக்தான். முதல் டேக்கில் கிளாரினெட்காரர் தன் முறை வருவதற்கு முன்பே உள்ளே நுழைந்துவிடுகிறார். அதனால்தான் அதை ஒதுக்கிவைத்திருந்தார்கள் போலிருக்கிறது. நுழைந்தவர் அசடு வழியாமல் நின்று வாசிக்கிறார், அதுதான் எனக்குப் பிடித்தது.

ஒரு வேலை சொல்கிறேன். உன் ஊர்க் கடைக்காரரிடம் நீல அட்டைப் பதிப்பு இருந்தால், தட்டில் பள்ளம் முடிகிற இடத்தில் கீறியிருக்கும் எண்ணைப் பார்த்து எழுது. எந்த டேக் என்பதை அதன் கடைசி இலக்கம்தான் சொல்லும், ஒன்றா இரண்டா என்று தெரியவேண்டும்.

சமையல் நடக்கிறது. இதுவரை அடிப்பிடித்த பாத்திரம் இரண்டு. அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அத்தான்

&nbsp;

மார்ச் 11

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம்.

அத்தான், நான் கல்யாணம் ஆகாத ஒண்டிக்கட்டை. என் வீட்டில் ‘அனைவரும்’ என்றால் நானும், பட்டறை அலமாரியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும் நான் செய்த பல் செட்டுகளும்தான். நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைப் படித்த அக்காவுக்கும் தெரியும். அக்கா நலம். ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது. படிக்கட்டு ஏறும்போது மட்டும் நடுவில் ஒருமுறை நிற்கிறாள்.

பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதானே உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாள்? இன்றோடு இருபத்தெட்டு நாள். திரும்பிப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. என் ஜன்னல் திரைகளைக் கழற்றி, அளவெடுத்து, வெட்டித் தைத்து மாட்டிவிட்டாள். இருபது வருடம் சீருடைத் தொழிற்சாலையில் துணி வெட்டிய கை. ஒரு விரற்கடை கோணலாகத் தொங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. என் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் பட்டறையில் பல் அச்சு மாவுத் தூசிக்கு நடுவில் படுக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும், “என்ன எழுதியிருக்காரு?” என்றாள்.

“பெட்டியைப் பத்திக்கா.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

கடிதத்தை வாங்கிப் படித்தாள். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள். கோபமாகக்கூடத் தெரியவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீல அட்டை விஷயம். கடைக்காரரிடம் ஒன்று இருந்தது. எண் இரண்டில்தான் முடிகிறது. ஆனால் அட்டையின் பின்பக்கத்தில் முதல் டேக் என்று அச்சடித்திருக்கிறார்கள். இதை நம்பி எத்தனை பேர் வாங்கியிருப்பார்களோ!

அன்புடன்,
உங்கள் மைத்துனன்

&nbsp;

மார்ச் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீல அட்டையைப் பற்றி நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. என்னிடம் இருக்கும் ஆரஞ்சு அட்டையும் ஒரு மோசடிதான். ஒரே மைக்கில் பதிந்ததை இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்று விற்றிருக்கிறார்கள். பியானோ ஒரு காதில், அதன் எதிரொலி மறு காதில். நேற்று ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அந்த லிஃப்ட் போடும் சத்தம் இதைவிடத் தேவலை. இருந்தாலும் சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை, கயிற்றை மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் பத்து நாள் என்று சொன்னது உண்மைதான். அவள் தம்பி வீடு, இருக்கட்டும். நான் ஒன்றும் நாளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இன்று முப்பத்தாறாவது நாள்.

இரண்டு மாதம் கழித்து ஒருமுறை மறுபடி பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதக் கடைசியில் அது வரும். அங்கேயே ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. இரும்புச் சத்து மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் போடக்கூடாது, அவளுக்குக் குமட்டும். இதை நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

போன வாரம் உன் பட்டறைக்கு போன் பண்ணினேன். அவள்தான் எடுத்தாள். “இருங்க, தம்பியக் கூப்பிடுறேன்” என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டாள். நீ வருவதற்குள் நான் வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அத்தான்

&nbsp;

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அக்காவை டாக்டரிடம் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கனமான பொருளைத் தூக்கவேண்டாம் என்றார்.

திரும்பி வந்த அன்று அவளாகவே பேசினாள். தலையணை உறைக்குத் துணி வெட்டிக்கொண்டே சொன்னாள். கத்தரி நிற்கவில்லை, குரலும் ஏறவில்லை. உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் அவள் சொன்ன விதத்தில் எழுதிவிடுகிறேன்.

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிய நாள். பன்னிரண்டு மணிக்கு நீங்கள் வருவதாக ஏற்பாடு. அடுத்த நோயாளிக்குப் படுக்கை வேண்டும் என்று சொல்லி, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பத்து நிமிடம். வார்டில் வேலை செய்கிற அம்மா மூன்று தடவை வந்து, “யாரும் வரலையாம்மா?” என்று கேட்டாளாம். “முதல் தடவை வந்துடுவாருன்னேன். ரெண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். மூணாவது தடவை என்ன சொல்றதுன்னு தெரியலடா” என்றாள்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். காரின் முன் சீட்டில் பெட்டி இருந்தது. ஆடாமல் இருக்க அதற்கு பெல்ட் வேறு போட்டிருந்தீர்களாம். அவள் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள், அதையும் சொன்னாள். “பார்சல் ஆபீஸ்ல கூட்டம்னு சொன்னாரு” என்றாள்.

அன்று என்ன நடந்தது என்று நான் உங்களிடம் கேட்கப்போவதில்லை.

கடைக்காரர் இன்னொரு சங்கதி சொன்னார். நம் பெட்டியில் இருக்கும் முதல் டேக், பாட்டுப் பதிந்த உலோக அச்சிலிருந்தே நேராக எடுத்ததாம். அதனால்தான் அவ்வளவு தெளிவு. முன்பு வந்தவர்கள் எல்லாரும் தேய்ந்த பழைய தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். டிராம்போன்காரர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்குமாம். உங்களுக்குக் கேட்டதா?

அன்புடன்,
உங்கள் மைத்துனன்

&nbsp;

ஏப்ரல் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

கேட்கப்போவதில்லை என்று எழுதியிருந்தாய். கேட்கத் தேவையும் இல்லை. உனக்குத்தான் தெரியுமே.

அன்று பதினொரு மணிக்கு நான் சட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது உன் போன் வந்தது. “அத்தான், பெட்டி உங்க பார்சல் ஆபீஸ்ல கிடக்குது. இன்னிக்கு எடுக்கலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, உடனே போங்க” என்றாய். போனேன். அங்கே எனக்கு முன்னால் அறுபது பேர். ரசீதை வீட்டுக்கு வந்துதான் நிதானமாகப் பார்த்தேன். இன்னும் நான்கு நாள் அவகாசம் இருந்தது.

இதை அவளிடம் நான் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே. இப்போது அவள் நிம்மதியாக இருக்க உன் வீடு ஒன்றுதான் இருக்கிறது. அதையும் கெடுத்துவிட்டு அவளை எங்கே அனுப்புவது? போன் பண்ணியது நீ என்றாலும் போனது நான். உன்மேல் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அது நமக்குள் இருக்கட்டும்.

டிராம்போன்காரரின் மூச்சு எனக்குக் கேட்கவில்லை.

அத்தான்

&nbsp;

மே 3

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் உட்கார்ந்து படித்தேன். அன்று செய்த பல் செட்டு ஒன்றில் மேல் வரிசையைக் கீழும் கீழ் வரிசையை மேலுமாக வைத்துவிட்டேன். பல் டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பொய்தான் சொன்னேன். பெட்டியில் முதல் டேக் இருக்கிறதா என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளவேண்டும் என்ற பரபரப்பு. கடையில் பெட்டியைப் பிரிக்கவிடவில்லை, அங்கிருந்தே உங்களுக்குப் பார்சலில் போட்டுவிட்டார்கள். நீங்கள் எடுத்துப் போட்டுக் கேட்டுச் சொன்னால்தான் எனக்கு ஆறும் என்று இருந்தது. அக்கா வீட்டுக்கு வருகிற நாள் அதுதான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள் வயிற்றை அறுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், நான் கிளாரினெட்காரரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது அத்தான்.

மூன்று மாதமாக அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, “பாவம்க்கா நீ” என்று உங்களைப் பற்றிய புகாருக்குத் தலையாட்டியிருக்கிறேன். இனி முடியாது. நான் சொல்லிவிடப்போகிறேன்.

உங்கள் மைத்துனன்

&nbsp;

மே 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இரு, அவசரப்படாதே. நீ ஒருமுறை அவசரப்பட்டது போதும்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தட்டு சுற்றுகிறது, முள் போகிறது, எனக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. பாட்டு முடிந்து முள் உரசிக்கொண்டிருப்பதே பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிகிறது. ஆகவே எல்லாத் தட்டுகளையும் நூலகத்துக்குக் கொடுத்துவிடப்போகிறேன். நூலகரிடம் பேசியாகிவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு தட்டு, பெட்டி உள்பட. அலமாரியைத் தச்சரிடம் கொடுத்துவிடலாம்.

இதை மட்டும் அவளிடம் சொல். வேறு எதையும் சொல்லாதே. இதைக் கேட்டால் அவள் மனசு மாறலாம்.

அவள் தூங்குகிறாளா?

அன்புடன்,
அத்தான்

&nbsp;

மே 18

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டையும் சொல்லிவிட்டேன். நூலகத்துக்கு இப்போதைக்கு எதையும் அனுப்பவேண்டாம். ஏன் என்று கீழே படித்தால் தெரியும்.

முதலில் என் பொய்யைச் சொன்னேன். நடு முதுகில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “தெரியும்டா” என்றாள்.

“எப்படிக்கா?”

“அன்னிக்குச் சாயங்காலம் நீ போன் பண்ணின. நான்தான் எடுத்தேன். ‘பெட்டி வந்துச்சாக்கா’ன்னு கேட்ட. என் உடம்பு எப்படி இருக்குன்னு நீ கேக்கல. அப்பவே புரிஞ்சுபோச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின வேலைன்னு.”

“தெரிஞ்சுமா என் வீட்டுக்கு வந்த?”

“எனக்கு இன்னொரு தம்பியா இருக்கான்?” என்றாள். அத்தான், நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. மூக்கைத் துடை என்று வெட்டிய துணியில் ஒரு துண்டைக் கொடுத்தாள்.

அடுத்து நூலகத்தைச் சொன்னேன். அதற்குத்தான் கோபம் வந்தது. இந்த மூன்று மாதத்தில் அவள் குரலை உயர்த்தியது அப்போதுதான். “தட்டு என்னடா பண்ணுச்சு? முப்பது வருஷமா அந்த வீட்டுல அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே வெட்டித் தச்சிருக்கேன். பச்சை அட்டையைப் போட்டா என் தையல் மிஷினும் சேர்ந்து ஓடும். ஏழு தட்டுல எது எதுன்னு கண்ணை மூடிக்கிட்டு நான் சொல்லுவேன், அவரைச் சொல்லச் சொல்லு பாப்போம். அதை எதுக்குத் தூக்கிக் கொடுக்கணும்? நான் என்ன தட்டு மேலயா கோவப்பட்டு வந்தேன்?”

கொஞ்ச நேரம் கழித்து, “உனக்கு இதுவரைக்கும் எத்தனை லெட்டர் போட்டிருக்காரு?” என்று கேட்டாள்.

“நாலு.”

“எனக்கு?”



இனி உங்களுக்கும் எனக்கும் நடுவில் இசைத்தட்டுக் கடிதம் வேண்டாம் அத்தான், கொஞ்ச நாளைக்கு. உறையின் மேல் வேறு பெயர் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்

&nbsp;

ஜூன் 1

உனக்கு,

மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்தேன். முப்பத்தொரு வருடத்தில் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. பக்கத்திலேயே இருந்தாய், எழுதவேண்டிய அவசியம் வரவில்லை. அன்புள்ள என்று போட்டால் உன் தம்பிக்குப் போடுவது மாதிரி இருக்கிறது. அதனால் வெறுமனே உனக்கு என்று போட்டுவிட்டேன்.

வயிற்றில் வலி இருக்கிறதா? படி ஏறும்போது நடுவில் நிற்கிறாய் என்று அவன் எழுதியிருந்தான். இப்போதும் நிற்கிறாயா? இதையெல்லாம் நான் உன்னிடமே கேட்டிருக்கவேண்டும். அவனைக் கேட்டேன்.

அன்று நான் மறந்துவிட்டதாக நீ நினைத்திருந்தால், அது சரியில்லை. மறக்கவில்லை. பார்சல் ஆபீஸ் வரிசையில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பன்னிரண்டு அடித்தது, ஒன்று அடித்தது. வரிசையை விட்டு வெளியே வரவில்லை. பெட்டி காத்திருக்காது என்று நினைத்தேன், நீ காத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது இதுதான். மறதி என்று சொன்னால் மன்னிக்கச் சுலபமாக இருக்கும், ஆனால் அது பொய்யாகிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்குப் போயிருந்த ஒரு கட்டடத்தில் பக்கத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி. இந்த வேலையில் இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கிறேன், மாட்டிக்கொண்டவர்கள் எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் கேட்பதில்லை. “யாராச்சும் வர்றாங்களா?” என்றுதான் கேட்பார்கள். அவரும் அதையே கேட்டார். கதவில் வாயை வைத்து, “வந்துக்கிட்டே இருக்கோம்மா, நான் இங்கயேதான் நிக்கிறேன்” என்று சொன்னேன். திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று, நாற்பது நிமிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு அதைச் சொல்ல எனக்குத் தெரிகிறது. அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணி உன்னிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பார்சல் ஆபீஸ் வாசலிலேயே போன் இருந்தது.

நீ இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. உன்னை வா என்று கூப்பிட எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. இருந்தாலும் வா.

உன் கணவன்

&nbsp;

ஜூன் 12

உங்களுக்கு,

நீங்கள் போட்ட மாதிரியே நானும் போட்டுவிட்டேன். எனக்கும் வேறு தெரியவில்லை.

கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. தினமும் ஒருமுறை படித்தேன். தம்பி தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தான், காட்டவில்லை. அவன் இப்போது ஒரு வாரமாக என் உடம்பைப் பற்றி ஒரு நாளைக்கு ஆறு தடவை கேட்டு உயிரை வாங்குகிறான்.

வலி இல்லை. படியில் நிற்பதையும் விட்டுவிட்டேன். தூக்கம் வருகிறது.

காத்திருந்தது எனக்குப் பெரிதில்லை. தொழிற்சாலையில் துணி வண்டி வரும்வரை அரைநாள் சும்மா உட்கார்ந்த காலமெல்லாம் உண்டு. இரண்டு மணிக்கு மேல், இவர் வருவாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது பாருங்கள், அதுதான். முப்பத்தொரு வருடத்தில் அது எனக்கு வந்ததே இல்லை. நீங்கள் வந்தபிறகும் போகவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும்போதும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் இங்கே வந்தேன். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

வரிசையில் நின்றுகொண்டு நான் காத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது கோபம்தான் வந்தது. ஆனால் உண்மையை எழுதியிருக்கிறீர்கள். பாதி சந்தேகம் அதிலேயே போய்விட்டது. மீதிப் பாதிக்கு ஒரு வழி யோசித்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வருகிறேன். அன்று இங்கிருந்து மூன்று ரயில். எதில் வருகிறேன் என்று எழுதமாட்டேன், தம்பியிடமும் சொல்லவில்லை, போன் பண்ணிக் கேட்டுப் பிரயோஜனமில்லை. காலையிலேயே ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி